பிளேடுக்கு எப்படித் தெரியும்?

முடியை வழிக்கிற பிளேடு தோலை மட்டும் எப்படி விட்டுவிடுகிறது? என்றைக்காவது யோசித்ததுண்டா?

ரேசரில் பிளேடு கிட்டத்தட்டப் படுத்த வாக்கில்தான் போகிறது. தோல் அமுங்கி வளைந்து கொடுத்துவிடும். முடி நட்டுக்கொண்டு நிற்கிறதே, அது மாட்டிக்கொள்ளும்! பிளேடுக்கு முன்னால் இருக்கும் விளிம்பு, தோலை இழுத்துச் சமமாக்கிவிடும். ஆனால் ரேசரைப் பக்கவாட்டில் இழுத்தீர்களோ, போச்சு. காய் நறுக்குகிற மாதிரி தோலையும் நறுக்கிவிடும்.

காய்ந்த முடி முரடு. 2, 3 நிமிடம் வெந்நீரில் ஊறினால் மெத்தென்று ஆகிவிடும். அதனால் குளித்த பிறகு ஷேவ் செய்வது நல்லது.

எந்த ரேசர் வாங்கலாம்? இரண்டு, மூன்று பிளேடு உள்ளதில் முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது இன்னும் அடியில் வெட்டும். வழவழப்பு கிடைக்கும், வாஸ்தவம்தான். சுருட்டை முடிக்காரர்களுக்கோ அதுவே வம்பு! வெட்டுப்பட்ட நுனி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளமாகும். அவர்களுக்கு ஒற்றை பிளேடோ டிரிம்மரோ போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மின்சார ரேசர்தான் உத்தமம்.

அப்பாவின் ரேசரை மகன் எடுத்துக்கொள்வது பல வீடுகளில் சகஜம். வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவில்கூட ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கலாம். உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் அதன் தொற்றும் சக்தி போகாது. சலூனுக்குப் போனாலும், புது பிளேடை உங்கள் கண்முன்னே மாட்டச் சொல்லுங்கள்.