வயலினும் தூரிகையும்: ஜெர்மனியில் இரு கலைகளோடு பிழைக்கும் வழி

ஓவியர் பவுல் கிளே 1906இல் மியூனிக்கில் குடித்தனம் தொடங்கியபோது வீட்டுச் செலவைச் சுமந்தவர் அவர் மனைவி லில்லி. அவர் பியானோ வகுப்பு எடுத்தார். கிளே சமைத்தார், 1907இல் பிறந்த மகன் ஃபெலிக்ஸை வளர்த்தார், எஞ்சிய நேரத்தில் சமையலறையிலேயே படம் வரைந்தார். இத்தனைக்கும் காசு கொண்டுவரக்கூடிய இன்னொரு கலை அவர் கையில் இருந்தது. தந்தை இசை ஆசிரியர், தாய் பாடகி. பெர்ன் நகரில் சிறுவனாக இருந்தபோதே பெரியவர்களின் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். திருமணத்துக்கு முந்தைய சில ஆண்டுகளில் அதே ஊர் இசைக்குழுவில் வாசித்துச் சம்பாதித்தும் இருக்கிறார்.

பிறகு ஏன் வயலினைத் தொழிலாக்கவில்லை? இசை தன் உச்சத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில், மொஸார்ட் காலத்திலேயே தொட்டுவிட்டது என்று அவர் நம்பினார். புதிதாகச் செய்ய ஓவியத்தில்தான் இடம் இருப்பதாகக் கண்டார். அதனால் ஓவியத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டார். வயலினை விடவில்லை, ஆனால் அதனிடம் பணம் கேட்பதை நிறுத்திக்கொண்டார். 1921 முதல் 1931 வரை பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்திலும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். அந்த வாசிப்பு ஓவியத்துக்குள் இறங்கியது. 1921இல், ஃபியூக் என்னும் மேற்கத்திய இசை வடிவத்தின் பெயரில் 'சிவப்பில் ஃபியூக்' என்ற படம் வந்தது. 1932இல் வரைந்த 'அட் பர்னாஸும்' படத்தின் பெயர், யோஹான் யோசஃப் ஃபுக்ஸ் 1725இல் வெளியிட்ட இசைப் பாடநூலின் தலைப்பை நினைவூட்டுவது.

இசை, ஓவியம் இரண்டையும் விடமுடியாமல் ஜெர்மனியில் வாழும், அல்லது அங்கே போகத் திட்டமிடும் தமிழ் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது கிளேயின் இந்த முடிவைத்தான். எதை அதிகம் நேசிக்கிறேன் என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். எது சோறு போடும், எதைக் காசு கேட்காமல் வைத்துக்கொள்வேன் என்று கேளுங்கள். இரண்டும் ஒரே ஆண்டில் வாடகை கட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தால் இரண்டுமே வாடும்.

எந்தக் கலைக்கு எந்தப் பங்கு என்பது ஆளுக்கு ஆள் மாறும். நம் எஸ். ராஜம் (1919–2010) கிளேக்கு நேர் எதிர்த்திசையில் போனார். சென்னைக் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர், சம்பளத்தை இசையில் தேடிக்கொண்டார். சென்னை வானொலியில் நெடுங்காலம் பணியாற்றினார். கோடீஸ்வர ஐயரின் 72 மேளகர்த்தாக் கீர்த்தனைகளைப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் நம்மில் பலருக்கு மனத்தில் எழும் முகங்கள் அவர் தூரிகையில் பிறந்தவை. இன்னும் பின்னே போனால், ஏழாம் நூற்றாண்டின் மகேந்திரவர்ம பல்லவன் 'சித்திரகாரப்புலி' என்றும் 'சங்கீர்ணஜாதி' என்றும் பட்டம் சூடியவன். ஓவியத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று. இரண்டு கலை கொண்டவரை அரைகுறை என்று பார்ப்பது நம் மரபில் இருந்ததல்ல.

லயனல் ஃபைனிங்கர் வழி வேறு. நியூயார்க்கில் இசைக் குடும்பத்தில் பிறந்து, இசை படிக்கவென்று 1887இல் ஜெர்மனிக்கு வந்தவர், ஓவியத்துக்குத் தாவிவிட்டார். பல ஆண்டுகள் பத்திரிகைக் கேலிச்சித்திரம் அவருக்குப் படியளந்தது. 1919 பௌஹவுஸ் அறிக்கையின் முகப்பில் உள்ள தேவாலய மரச்செதுக்குப் படம் அவருடையது. 1921இல், ஐம்பதாவது வயதில், ஃபியூக் இசையமைக்கத் தொடங்கினார். இருபது வயதில் தள்ளிவைத்த கலையை ஐம்பதில் எடுத்துக்கொள்ளலாம். அதற்காக இருபதில் பதற வேண்டாம்.

நம்மைப் போல ஆசியாவிலிருந்து போனவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியவர் நாம் ஜூன் பைக். கொரியாவில் பிறந்து, டோக்கியோவில் படித்து, 1956இல் இசை மாணவராக ஜெர்மனிக்கு வந்தார். 1963 மார்ச்சில் வூப்பர்டால் நகரில் ஒரு கட்டடக் கலைஞரின் வீட்டில் இயங்கிய 'காலரி பர்னாஸ்' கூடத்தில் முதல் தனிக் கண்காட்சி வைத்தார். மாற்றியமைத்த பியானோக்களும் படம் கலைந்து ஓடும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் அங்கே இருந்தன. ஓவியக் கூடத்தில் நடந்த அந்தக் கண்காட்சிக்கு அவர் இட்ட தலைப்பிலேயே 'இசை' இருந்தது. ஓவியர் ஆவதற்காக அவர் இசைக்காரர் என்ற அடையாளத்தைக் கழற்றி வைக்கவில்லை. தன் இசையின் கேள்விகளையே ஓவியக் கூடத்துக்குள் கொண்டுபோனார். வீடியோ கலை என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கங்களில் அது ஒன்று. 1979இல் டுசெல்டார்ஃப் கலைக் கழகம் அவரைப் பேராசிரியர் ஆக்கியது. மிருதங்கமோ வீணையோ கையில் இருப்பவர்கள், அதை மறைத்துவிட்டு ஐரோப்பிய ஓவியரைப் போல விண்ணப்பிப்பதை நிறுத்துங்கள். உங்கள் தாளக் கணக்குதான் அந்த அறையில் வேறு எவரிடமும் இல்லாத சரக்கு.

ஒரே பெயரா, இரண்டு பெயரா என்று பலர் கேட்கிறார்கள். கெம்னிட்ஸ் நகரில் 1965இல் பிறந்த கார்ஸ்டன் நிக்கோலாய் காட்சிக் கலையைச் சொந்தப் பெயரிலும் மின்னிசையை 'ஆல்வா நோட்டோ' என்ற பெயரிலும் செய்கிறார். ரியூச்சி சகாமோட்டோவுடன் சேர்ந்து 'தி ரெவனன்ட்' படத்துக்கு இசையமைத்தவர் அவர்தான். டிரெஸ்டன் கலைக் கழகத்தில் பேராசிரியராகவும் இருக்கிறார். ஓவியக் கூடமும் இசைவெளியீட்டு நிறுவனமும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும்போது இரண்டு பெயர் உதவும். தொடக்க நிலையில் ஒரே பெயர் போதும் என்பது என் கருத்து. தேடுகிறவருக்கு இரண்டு வேலையும் ஒரே இடத்தில் கிடைக்கட்டும்.

கிளேயிடம் கற்க இன்னொன்று உண்டு, அது கலை அல்ல, கணக்கு. 1911இல் அவர் தன் படைப்புகளுக்குக் கைப்பட ஒரு பட்டியல் தொடங்கினார். ஆண்டு, எண், தலைப்பு, எதில் எதனால் வரைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு. இறப்பதற்குச் சற்று முன்வரை அதைத் தொடர்ந்தார். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் அதனால் இன்று அடையாளத்தோடு இருக்கின்றன. ஓவியம், பாட்டு, மேடை நிகழ்ச்சி, சுவரொட்டி, வகுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் வையுங்கள். தேதி, இடம், யாருக்காக, எவ்வளவு தந்தார்கள் என்று நான்கு பத்தி போதும். கீழே வரும் ஒவ்வொரு அலுவலகமும் கேட்கப்போவது அதைத்தான்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் இசைக் கல்லூரிகளும் கலைக் கழகங்களும் பெரும்பாலும் தனித்தனி. பெர்லின் கலைப் பல்கலைக்கழகத்திலும் பிரேமன் கலைக் கல்லூரியிலும் இரண்டும் ஒரே நிறுவனத்துக்குள் உண்டு. கொலோன் ஊடகக் கலைக் கழகம், கார்ல்ஸ்ரூவே வடிவமைப்புக் கல்லூரி, வைமார் பௌஹவுஸ் பல்கலைக்கழகம் ஆகியவை ஒலியும் காட்சியும் கலந்த வேலைக்கு ஏற்ற இடங்கள். மதிப்பெண்ணைவிட 'மாப்பே' என்னும் படைப்புத் தொகுப்பும் நுழைவுத் தேர்வுமே உங்கள் இடத்தைத் தீர்மானிக்கும். அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ கேட்கிறது. கார்ல்ஸ்ரூவே அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம் என்ற அனுமதி, சம்பள வேலைக்கானது. கச்சேரிக்குப் பணம் வாங்குவதும் ஓவியம் விற்பதும் சுயதொழில். அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனி அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் தரக்கூடியதுதான். கேட்காமல் செய்தால் விசா நீட்டிப்பில் சிக்கல் வரும்.

வரி அலுவலகத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். கலைஞர்களுக்கு வணிகப் பதிவு தேவையில்லை. தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் 'எல்ஸ்டர்' இணையதளத்தில் படிவம் நிரப்பினால் வரி எண் வரும். 2025 முதல், முந்தைய ஆண்டு வரவு 25,000 யூரோவைத் தாண்டாதவர் சிறுதொழிலர் சலுகையில் விற்பனை வரி இல்லாமல் பில் போடலாம். உங்கள் ஓவியத்தை டி-ஷர்ட்டிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்கத் தொடங்கினால் அது வணிகம். அந்தக் கணக்கைப் பிரித்து வையுங்கள். ஆண்டுக்கணக்கில் நட்டமே காட்டினால் இது பொழுதுபோக்கு என்று அலுவலகம் முடிவுகட்டிவிடலாம். காசு கேட்காத கலையின் செலவைத் தொழில் கணக்கில் திணிக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. ஜெர்மனியில் கலைஞர்களுக்கென்றே ஒரு சமூகக் காப்புநிதி இருக்கிறது. வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் நகரிலிருந்து இயங்கும் அதை எல்லோரும் கா-எஸ்-கா என்பார்கள். 1981இல் சட்டம் இயற்றி, 1983 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். மருத்துவம், முதியோர் பராமரிப்பு, ஓய்வூதியம் ஆகிய மூன்று காப்பீடுகளிலும் நீங்கள் பாதி கட்டினால் போதும். மறுபாதியாக, மொத்தத்தில் 20 விழுக்காட்டை மத்திய அரசும், 30 விழுக்காட்டைக் கலைஞர்களை அமர்த்தும் நிறுவனங்களும் ஏற்கின்றன. சுயதொழில் செய்யும் மற்றவர்கள் மருத்துவக் காப்பீட்டை முழுதாகக் கட்டித் திணறும் நாட்டில் இது சின்ன உதவி அல்ல.

இரு கலைக்காரருக்கு இதில் கூடுதல் நன்மை. இசையும் காட்சிக் கலையும் ஒரே நிதிக்குள் வருகின்றன. இரண்டின் வருமானத்தையும் கூட்டிக்கொள்ளலாம். தகுதிக்கு, செலவு போக ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் வேண்டும். இசையில் 2,000, ஓவியத்தில் 2,000 வந்தால் தனித்தனியாகப் போதாது, சேர்த்தால் போதும். தொழிலில் புதியவர்களுக்கு முதல் மூன்று ஆண்டு அந்த எல்லையும் கிடையாது. கலையைப் படைப்பவர், நிகழ்த்துபவர் மட்டுமல்ல, கற்பிப்பவரும் சட்டத்துக்குள் வருகிறார். வீட்டில் வீணை சொல்லிக்கொடுத்து, சனிக்கிழமை ஓவிய வகுப்பும் எடுக்கும் அக்காமார் பலர் தங்களைக் கலைஞர் என்றே எண்ணுவதில்லை. அந்தச் சட்டம் எண்ணுகிறது. ஆனால் ரொக்கமாக வாங்கிக் கைப்பையில் போட்டால் சான்று இல்லை. பில், வங்கி வரவு, நிகழ்ச்சி அழைப்பிதழ், ஒப்பந்தம் எல்லாம் வேண்டும்.

காப்பீட்டில் சேர்ந்து நிற்கும் இரு கலைகளும் உரிமைத் தொகையில் பிரிகின்றன. இசையமைத்தவரின் உரிமை 'கெமா' அமைப்பிடம். ஓவியம், புகைப்படத்துக்கு பான் நகரில் இருக்கும் 'பில்ட்-குன்ஸ்ட்' அமைப்பு. அதில் சேரக் கட்டணம் இல்லை, உடனே சேருங்கள். உங்கள் ஓவியம் கலை வணிகர் வழியே 400 யூரோவுக்கோ அதற்கு மேலோ மறுவிற்பனை ஆனால், 50,000 யூரோ வரையான விலைக்கு 4 விழுக்காடு உங்களுக்குச் சேரும். கெமாவில் சேரும் முன் யோசியுங்கள். சேர்ந்தபின் உங்கள் இசையை உங்கள் கண்காட்சியிலேயே ஒலிக்கவிட்டாலும் ஏற்பாட்டாளருக்குக் கட்டணம் வரக்கூடும். சிறிய ஓவியக் கூடங்கள் அதைக் கேட்டுத் தயங்கும். பாட்டு வானொலியிலும் பெரிய மேடையிலும் வரத் தொடங்கிய பிறகு சேர்வதே லாபம்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் விழாக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை வரைந்த பிள்ளையே மாலையில் மேடையேறிப் பாடவும் செய்கிறது. அதற்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். பில் கேளுங்கள், வங்கியில் போடுங்கள். அடிக்கடி கலைஞர்களை அமர்த்தும் அமைப்பு ஊதியத்தின் மீது கா-எஸ்-காவுக்கும் ஒரு பங்கு கட்ட வேண்டியிருக்கும். 2025இல் அது 5 விழுக்காடு. நூறு யூரோவுக்கு ஐந்து யூரோ. அந்தப் பிள்ளையின் முதுமைக்கும் மருத்துவத்துக்கும் போய்ச் சேரும் பணம் அது.

கா-எஸ்-கா விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. காப்பீடு உங்கள் கடிதம் அவர்களுக்குச் சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்கும், முன்தேதியிட்டுத் தரமாட்டார்கள். ஆகவே முதல் பில் எழுதும் மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள்.