பழைய டிஷ் தட்டில் வெயில் அடுப்பு

பிசான அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறும் மாசி, பங்குனியில் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கூரையில் பயனற்றுக் கிடக்கும் 60 சென்டிமீட்டர் டிஷ் தட்டால் அந்த வெயிலை ஓரிடத்தில் குவிக்கலாம். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லின் பொதுச் சமையற்கூட மாடியில், நீராவி உண்டாக்க 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் அமைத்ததும் இதே முறையில்தான்.

உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணாடிக் கடையில் கொடுத்து ஓர் அங்குலச் சதுரங்களாக வெட்டி வாங்கி, தட்டின் உட்புறம் சிலிக்கான் பசையால் நெருக்கமாக ஒட்டவும். தட்டின் முன் நீண்டிருக்கும் கம்பியின் நுனியிலுள்ள கருவியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் அடிக்கரி பிடித்த சிறு பாத்திரத்தைப் பொருத்தவும். பெயிண்ட் தேவையில்லை, விறகடுப்புக் கரியே போதும். கம்பி கீழே இருக்கும்படி நிறுத்தினால், தட்டு சூரியனைவிடச் சற்றுத் தாழ்ந்து பார்ப்பதுபோல் தோன்றும். அதன் அமைப்பே அப்படி. ஒளி பாத்திரத்தில் விழுந்தால் சரி. 10 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்.

ஒரு லிட்டர் நீர் கொதிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். குடும்பத்துக்கு உலை வைக்க இது போதாது. வெந்நீருக்கும் முட்டை அவிக்கவும் ஏற்றது.

ஒளி குவியும் இடத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாகாது. வெல்டிங் வேலைக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி அவசியம். வேலை முடிந்ததும் சாக்கால் மூடிக் கவிழ்த்து வையுங்கள். மூடாமல் போரருகே சாய்த்துவிட்டுப் போனால், ஒரு முழ தூரத்திலுள்ள வைக்கோல் பற்றிக்கொள்ளும். ஓராண்டுத் தீவனமும் அதோடு போய்விடும்.