உதவி வீடு தேடி வரட்டும். உரிமை நம்மிடமே இருக்கட்டும்

முதுமையிலும் தம் இல்லத்தில் தற்சார்புடன் வாழ வேண்டும் என்பதே நம்மில் பலரின் விருப்பம். தற்சார்பு என்பது எவருடைய உதவியும் இன்றி வாழ்தல் அன்று. எண்பது வயதில் அது எளிதும் அன்று. பிறர் உதவியைப் பெற்றுக்கொண்டே, தம் வாழ்வு குறித்த முடிவுகளைத் தாமே எடுப்பதுதான் தற்சார்பு. நடை தளர்ந்தால் உதவி தேவை. அதற்காக முடிவெடுக்கும் உரிமையையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. இவ்விரண்டையும் பிரித்து வைக்கத் துணைபுரியும் சேவைகளை இங்கே காண்போம்.

உரிமை கைமாறும் இடம்

வங்கிக் கிளைகளில் நாம் அடிக்கடி காணும் நிலை ஒன்று உண்டு. மாதந்தோறும் தாமே வந்து ஓய்வூதியம் பெற்ற மூத்தவர், முழங்கால் வலியால் ஒரு மாதம் வர இயலாமற் போகிறார். அறிந்தவர் ஒருவரிடம் ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடுத்தனுப்புகிறார். பெரும்பாலும் அவ்வுதவி நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதே. ஆயினும், கணக்கில் எவ்வளவு உள்ளது, எவ்வளவு எடுக்கப்பட்டது என்பவை நாளடைவில் மூத்தவரின் பார்வையிலிருந்து விலகிவிடுகின்றன. ஐயம் எழுந்தாலும், கேட்டால் இருக்கும் உதவியும் நின்றுவிடுமோ என்று அவர் தயங்குகிறார். இரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு அவரையே சாரும் என்கிறது இந்திய ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

வீட்டு வாசலில் வங்கி

அதே 2017இல் ரிசர்வ் வங்கி மற்றொரு நெறிமுறையையும் வகுத்தது. 70 வயதைக் கடந்தோருக்கும், உடற்குறையோ நாட்பட்ட நோயோ உள்ளோருக்கும் அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே அளிக்க வங்கிகள் முயல வேண்டும் என்பது அது. கணக்கிலிருந்து எடுக்கும் பணத்தைக் கொண்டுவந்து தருதல், பணத்தையும் காசோலையையும் ரசீது தந்து பெற்றுச் செல்லுதல், வாழ்வுச் சான்றிதழைப் பெறுதல் ஆகியன இதில் அடங்கும். கட்டணமும் பண வரம்பும் வங்கிக்கு வங்கி மாறுபடும். கிளையில் கேட்டறிதல் நன்று. வருபவரின் அடையாள அட்டையைச் சரிபார்த்து, ரசீதைத் தவறாது பெறுங்கள். அட்டையின் இரகசிய எண்ணை அவரிடமும் கூறலாகாது.

வாழ்வுச் சான்றிதழுக்காக அலையவும் வேண்டியதில்லை. 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் திட்டத்தில் ஆதார் வழியாக அதனை அளிக்கலாம். விரல் ரேகை தேய்ந்தோருக்கு 2021 முதல் முக அடையாள முறையும் உள்ளது; திறன்பேசியே போதும். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயது நிறைந்தோர் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம்.

கை நடுங்கிக் கையொப்பம் இட இயலாதோருக்கும் வழியுண்டு. விரல் ரேகையையோ கால் பெருவிரல் ரேகையையோ இரு சாட்சிகள் முன் பதிக்கலாம். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும்.

சமூகத்தின் துணை

பணத்துக்கு அப்பாலும் தேவைகள் உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பராமரிப்பு இயக்கம் இதற்கு நல்ல முன்மாதிரி. படுக்கையில் இருப்போரை மருத்துவமனைக்கு அழைப்பதற்கு மாறாக, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் செவிலியரும் அவர்கள் வீட்டுக்கே செல்கின்றனர். 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகளும் இப்பணியில் இணைந்தன. நோயுற்றவர் தம் வீட்டிலேயே, தம் மக்களிடையே இருக்க இது உதவுகிறது.

நாடு முழுவதற்குமான மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை கட்டணமின்றி அழைக்கலாம். ஓய்வூதிய விளக்கம், சட்ட வழிகாட்டல், மனத்துக்கு ஆறுதல் ஆகியவற்றோடு, கொடுமைக்கு உள்ளானோருக்கு நேரடி உதவியும் கிடைக்கும்.

யாருக்கு எவ்வளவு உரிமை?

உதவுவோருக்கு உரிமை தர விரும்பினால், அளவறிந்து தருதல் வேண்டும். மூன்று முறைகளைப் பலரும் ஒன்றெனக் கருதுகின்றனர், அவை வெவ்வேறானவை.

1. கூட்டுக் கணக்கு: ‘இருவரில் ஒருவர் அல்லது பின் வாழ்பவர்’ என்ற முறையில், சேமிப்புக் கணக்கின் முழுத் தொகையையும் மற்றவர் இன்றே எடுக்க இயலும்.

2. அதிகாரக் கடிதம்: நம் சார்பில் கணக்கை இயக்க ஒருவரை அனுமதிப்பது. நாம் விரும்பும்போது திரும்பப் பெறலாம்.

3. நாமினி நியமனம்: நம் வாழ்நாளில் நாமினிக்குக் கணக்கில் எவ்வித உரிமையும் இல்லை. 2025 நவம்பர் முதல் நாளிலிருந்து வைப்புக் கணக்கில் நால்வர் வரை நியமிக்கலாம்.

வெளியூரில் வாழும் பிள்ளைகள் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது பெற்றோருடன் அமர்ந்து இவற்றைப் பேசுதல் நன்று. கணக்கில் உள்ள செல்பேசி எண் பெற்றோர் கையில் இருப்பதுதானா, குறுஞ்செய்திகள் அவருக்கே வருகின்றனவா என்று பாருங்கள். வாசல் வழி வங்கிச் சேவைக்கு, நடக்க இயலும் காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். பெற்றோருக்காக முடிவெடுப்பதைவிட, அவர்களே முடிவெடுக்க வழி செய்து தருவதே மேலான உதவி.