சோம்புத்தட்டும் சம்பளமும்

நுழையும்முன்
உணவகத்தில் பரிமாறுபவருக்கு நாம் விரும்பித் தரும் சிறுதொகை அன்பளிப்பா, ஊதியத்தின் ஒரு பகுதியா? மேசைமேல் நாள்தோறும் எழும் இவ்வினா நீதிமன்றம்வரை சென்றிருக்கிறது.

கோயம்புத்தூர் காந்திபுரத்துப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள உணவகங்களில் பொழுது புலருமுன்பே காப்பி மணக்கத் தொடங்கிவிடும். “என்னங்க வேணும்?” என்று கேட்டு வரும் பரிமாறுபவர், நான்கு மேசைகளின் தேவைகளை எழுதிக்கொள்ளாமலே நினைவில் வைத்திருப்பார். ஒருவருக்கு நெய் குறைந்த பொங்கல்; இன்னொருவருக்கு முறுகலான தோசை; குழந்தைக்கு ஆற்றிய பால். உண்டு முடித்ததும் சிறு தட்டில் பில்லும் சிறிது சோம்பும் வரும். மீதிச் சில்லறையில் ஐந்தோ பத்தோ அத்தட்டிலேயே விட்டு எழுவது நெடுநாள் வழக்கம். இன்றோ திறன்பேசியில் பணம் செலுத்துகிறோம். தொகை கடையின் கணக்கிற்கு நேரே சென்றுவிடுகிறது. மீதி என்பதே இல்லை. தட்டில் சோம்பு மட்டும் எஞ்சுகிறது.

இதனால் பரிமாறுபவர் இழப்பது எவ்வளவு? விடை, அவருடைய சம்பளத்தைப் பொறுத்தது. சம்பளம் போதுமானதாயின் அச்சில்லறை ஒரு மகிழ்ச்சி. போதாதாயின் அதுவே வீட்டு வாடகை.

அமெரிக்காவில் அன்பளிப்பு பெறும் தொழிலாளருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்த அளவு, கூட்டரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது மாறவில்லை. பொதுவான குறைந்த அளவு ஊதியமான 7.25 டாலருக்கு எஞ்சியதை வாடிக்கையாளர் தரும் பணம் நிரப்பவேண்டும். நிரம்பாவிடில் முதலாளி ஈடுசெய்ய வேண்டும். ஊதியச் சுமையின் பெரும்பகுதி அங்கே உண்பவர் தோளுக்கு மாறிவிட்டது.

நம் நாட்டின் நெறி வேறு. 1976இல் ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்கில், விருந்தினரிடம் திரட்டித் தொழிலாளருக்குப் பகிர்ந்த தொகையை ஊதியமாகக் கருத உச்சநீதிமன்றம் மறுத்தது. அப்பணம் நிர்வாகத்தின் கையிலிருந்து வந்ததன்று என்பதே காரணம். பிறர் கொடுத்ததைத் தான் கொடுத்ததாகக் கணக்கெழுத முடியுமா என்ன?

உணவகங்கள் சில, பில்லிலேயே ‘சேவைக்கட்டணம்’ சேர்த்தன. 2022 சூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதனைத் தானாகச் சேர்க்கக்கூடாது என வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றமும் அவற்றை உறுதிசெய்தது. ஊழியர்க்கு அத்தொகை உதவியது என்று உணவகத்தார் வாதிட்டனர். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும், ஊழியர்க்குக் கூடுதலாகத் தர விரும்பும் உரிமையாளர் அதனை உணவின் விலையிலேயே சேர்த்துக்கொள்ளத் தடையில்லை.

விலை ஏறினால் நாம் முணுமுணுப்போம். பத்து ரூபாயை மனமுவந்து விட்டு வருபவர்கூடத் தோசைக்கு ஐந்து ரூபாய் கூடினால் அடுத்த கடையைத் தேடுகிறார். ஆயினும், அவ்வுயர்வு சம்பளமாக மாறினால், கொதிக்கும் கல்லின்முன் நிற்பவருக்கும் எச்சில் இலை எடுப்பவருக்கும் பாத்திரம் தேய்ப்பவருக்கும் அதில் பங்குண்டு. சோம்புத்தட்டு அடுக்களைக்குள் செல்வதில்லை.