மாடிக்கு வைஃபை ஏறவில்லையா?

கீழே ஹாலில் படம் தடையில்லாமல் ஓடும்; மாடி அறையில் வாட்ஸ்அப் போட்டோகூடச் சுற்றிக்கொண்டே நிற்கும். உடனே கடைக்கு ஓடி, "ஆறு ஆன்டெனா வைத்த ரூட்டர் கொடுங்க" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஆன்டெனாவை எண்ணிப் பயனில்லை. நடுவில் இருப்பது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். அதைத் தாண்டச் சரியான வழி கேபிள்தான்.

1. முதலில் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு அறை அறையாக நடங்கள். மைனஸ் 65 டிபிஎம் வந்தால் நல்லது. மைனஸ் 75-ஐத் தாண்டி இறங்கினால் வீடியோ கால் திணறும். ரூட்டர் டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோ ஓரத்திலோ இருந்தால் வெளியே எடுத்து உயரத்தில் வைத்து மறுபடி அளங்கள். சில வீடுகளில் வேலை இதோடு முடிந்துவிடும்.

2. ஃபைபர்காரர் மாட்டிய பெட்டியிலேயே வைஃபை இருக்கிறதா என்று பாருங்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் வந்தால் புது ரூட்டர் வேண்டாம்.

3. வாங்கத்தான் வேண்டுமென்றால் வைஃபை 6. அதற்குக் கீழே வேண்டாம், 7-க்கு அவசரமும் இல்லை. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய எண் இரண்டு அலைவரிசை வேகங்களையும் கூட்டிப் போட்டது. ஒரு போனுக்கு அது கிடைக்காது. பின்பக்கம் பாருங்கள். போர்ட் '10/100' என்றிருந்தால் கீழே வையுங்கள். 200 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டினாலும் அந்தப் போர்ட் 100-ஐத் தாண்டாது.

4. இனி மாடி. எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

ரிப்பீட்டர் வாங்காதீர்கள். ஒரே அலைவரிசையில் கேட்டு, அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். அதையும் சிக்னலே வராத அறையில் கொண்டுபோய்ச் சொருகுகிறார்கள். கேட்க ஒன்றுமில்லாத இடத்தில் அது எதைத் திருப்பிச் சொல்லும்? வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்றால் மட்டும் மெஷ் ரூட்டர் ஜோடி வாங்குங்கள். ஒன்றைப் படிக்கட்டின் அடியிலும் இன்னொன்றை உச்சியிலும் வையுங்கள்.

சொந்த வீடென்றால் கேட் 6 கேபிள் இழுங்கள். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியது மலிவு, மடித்தால் உடையும். 100 மீட்டர் வரை கவலையில்லை. பழைய டிஷ் கேபிள் இறங்கிய துளை இருந்தால் அதுவே வழி. கரண்ட் ஒயர் போகும் பைப்பில் சேர்த்துத் திணிக்காதீர்கள். வெயில் படும் இடத்துக்கு அவுட்டோர் கேபிள்.

உள்ளே எட்டு ஒயர்கள். ஒன்று சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம், நெட் மட்டும் வந்துகொண்டே இருக்கும்; யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் லேப்டாப்பைச் சொருகி 1 கிகாபிட் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே ஆளுக்குக் காசு கொடுங்கள்.

மேல் முனையில் பழைய ரூட்டர் போதும். அதை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடுங்கள். அந்த மோட் இல்லையா? அதன் ஐபி முகவரியை மாற்றி, டிஹெச்சிபியை நிறுத்தி, கேபிளை வான் போர்ட்டில் இல்லாமல் லேன் போர்ட்டில் சொருகுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதேதான், 2.4-இல் சேனல் மட்டும் 1, 6, 11-இல் வேறொன்று.

5. கரண்ட் போனால் ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டுக்கும் மினி யுபிஎஸ் வேண்டும். அடாப்டர் ஸ்டிக்கரில் உள்ள வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது.

பட்ஜெட் இடித்தால் முதலில் கேபிள், பிறகு ரூட்டர். ரூட்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வெள்ளையடித்த சுவரை மறுபடி துளைக்க வீட்டில் யார் விடுவார்கள்?