சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆறு கால் பயணிகள்

ஸ்ரீரங்கம் போற 1ஆம் நம்பர் பஸ்ஸுக்காக சத்திரத்துல நிக்கிற பத்து நிமிஷம் நம்மில் பலருக்கு ரீல்ஸ் நேரம். அதுல ரெண்டு நிமிஷத்தை மட்டும் இந்தக் கட்டுரை கடனாகக் கேட்கிறது. கரும்பு ஜூஸ் கடைப் பக்கம் திரும்பிப் பாருங்க. சக்கைக் கூடையைச் சுத்துறது எல்லாமே ஈ இல்லை. பாதி தேனீயாக இருக்கும். ஈக்கு ரெண்டு இறக்கை, தேனீக்கு நாலு. ஈயின் பின் இறக்கை ரெண்டும் சுருங்கி, குண்டூசித் தலை மாதிரி ஆகி, பறக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சுழலுதுன்னு அளந்து சொல்கிற கருவியாக மாறிவிட்டன. நம்ம போன்ல இருக்கிற கைரோஸ்கோப் செய்யும் அதே வேலை. மெக்கானிக்கல்காரங்க இதுக்காகவாவது ஈயை மதிக்கணும்.

திருச்சியில பூச்சின்னா உடனே மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத்தான் சொல்வாங்க. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 2015-ல் திறந்தது. கட்டாயம் ஒருமுறை போங்க. ஆனா பட்டாம்பூச்சியை மட்டும் போட்டோ எடுத்துட்டு வந்தா பாதிதான் பார்த்த மாதிரி. அங்கே பார்க்க வேண்டியது செடிகளை. பட்டாம்பூச்சிக்குத் தேன் குடிக்க ஒரு வகைச் செடி வேணும், முட்டையிட வேறொரு வகை வேணும். தேன் எந்தப் பூவிலும் கிடைச்சுடும். முட்டை விஷயத்தில் மட்டும் பிடிவாதம் அதிகம், ஏன்னா புழு கண்ட இலையையும் தின்னாது.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுட்டா பூங்கா நம்ம தெருவுக்கே வந்துடும். காலி மனையில் நிக்கிற எருக்கஞ்செடியின் இலையைத் திருப்பிப் பாருங்க. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு இருந்தால் அது வெந்தய வரியனின் பிள்ளை. எருக்கம்பால் உள்ள இலையைத் தின்று வளர்வதால் பறவைகளுக்கு இதன் ருசி பிடிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை பளிச்சென்ற நிறம். வீட்டுக் கறிவேப்பிலையில் இருக்கும் கறிவேப்பிலை அழகியின் குட்டிப் புழு இதற்கு நேர் எதிர். அசப்பில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். ஒன்று தன்னை விளம்பரம் செய்து பிழைக்கிறது, இன்னொன்று அருவருப்பைக் காட்டித் தப்பிக்கிறது.

குளவி விஷயத்துக்கு வருவோம், ஏன்னா இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. குளவி கொட்டிக் கொட்டியே புழுவைத் தன்னைப் போல ஆக்கிவிடும்னு நம்ம ஊரில் காலங்காலமாகச் சொல்வாங்க. இதை மூடநம்பிக்கைன்னு தள்ளிடாதீங்க. சொன்னவர்கள் நிஜமாகவே உட்கார்ந்து பார்த்திருக்காங்க! மண்கூட்டுக்குள் பச்சைப் புழு போகுது, கூடு மூடப்படுது, சில வாரம் கழிச்சு குளவி வெளியே வருது. உள்ளே போனதும் சரி, வெளியே வந்ததும் சரி. நடுவில் நடந்ததை மட்டும் ஊகிச்சாங்க. கூட்டைத் திறந்து பார்த்தால் கதை வேற. புழுவைக் கொட்டி, கொல்லாமல் மரத்துப்போக வைத்து, தன் முட்டைக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கிறது தாய்க் குளவி. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அதுதான் மெஸ் சாப்பாடு. ஃப்ரிட்ஜ் இல்லாமலே கெடாமல் இருக்கும்.

குளவியை வெச்சே உலக அளவில் பேர் வாங்கினவர் ராகவேந்திர கடக்கர். பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் மாணவராக இருந்தபோது ஜன்னலில் கட்டியிருந்த காகிதக் குளவிக் கூடுகளைக் கவனிக்க ஆரம்பிச்சவர். பிறகு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியலில் பிஎச்டி செய்துகொண்டே இதைப் பொழுதுபோக்காகத் தொடர்ந்தார். கடைசியில் பொழுதுபோக்குதான் வாழ்நாள் ஆராய்ச்சியாச்சு. அவர் முறை ரொம்ப எளிமை. எல்லாக் குளவியும் ஒரே மாதிரி இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் பெயின்ட் பொட்டு வைத்து அடையாளம் போடுவது, யார் யாரிடம் என்ன செய்கிறார் என்று எழுதிக்கொண்டே இருப்பது. அப்படிப் பார்த்ததில் தெரிந்தது: இந்தக் குளவிகளின் ராணி பரம சாது. ராணியை எடுத்துவிட்டால் சில நிமிஷத்திலேயே ஒரே ஒரு வேலைக்காரக் குளவி மூர்க்கமாகி மற்றவற்றை விரட்டும். சுமார் ஒரு வாரத்தில் முட்டையிட்டு அதுவே அடுத்த ராணி, அப்புறம் அதுவும் சாது. இதைக் கண்டுபிடிக்கக் கோடி ரூபாய் லேப் தேவைப்படலை.

சாயங்காலம் ஆனால் பஸ் ஸ்டாண்டு விளக்குகளைப் பாருங்க, அதுவும் மழை விட்டு ஈசல் கிளம்பும் நாளில். வெளிச்சத்தில் மயங்கி விளக்கைத் தேடி வருதுன்னு சின்ன வயசிலிருந்து கேட்டிருப்போம். 2024 ஜனவரியில் வெளியான லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழுவின் ஆய்வு வேறு விளக்கம் தருது. அதிவேகக் கேமராவில் பதிவு செய்து பார்த்தால், பூச்சிகள் விளக்கை நோக்கி நேராகப் போவது குறைவு. முதுகைத்தான் விளக்குப் பக்கம் திருப்புகின்றன. கோடிக்கணக்கான வருஷமாக வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் வானம், அதுதான் மேல். பக்கவாட்டில் ஒரு பல்பு எரிந்தால் "மேல்" எதுன்னு கணக்கு தப்புது, உடம்பு சாயுது, சாய்ந்தபடியே பறந்தால் வட்டம்தான் வரும். சென்சார் தப்பாகக் காட்டும் ட்ரோன் மாதிரி. வெளிச்சத்தைக் கீழிருந்து காட்டினால் பல பூச்சிகள் தலைகீழாகப் புரண்டு விழுகின்றன. இது தெரிஞ்ச பிறகு தெருவிளக்கைச் சுத்தும் பூச்சியைப் பார்த்தா விருந்துக்கு வந்த மாதிரி தெரியாது. வழி தெரியாமல் மாட்டிக்கிட்ட மாதிரி தெரியும்.

பார்க்கப் பழகணும்னா எல்லாவற்றையும் பார்க்க முயற்சி செய்யாதீங்க. ஒரே ஒரு செடி அல்லது ஒரே ஒரு சுவர். தினமும் அதே இடம், ரெண்டு நிமிஷம். தேதி, நேரம், வெயிலா மழையா, எது வந்தது, என்ன செஞ்சது, அவ்வளவுதான் குறிப்பு. பேர் தெரியலைன்னா போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல போடுங்க, தெரிஞ்சவங்க சொல்வாங்க. செப்டம்பரில் நாடு முழுக்க நடக்கும் பட்டாம்பூச்சி மாதத்துக்கும் அந்தப் பதிவுகள் உதவும். வெந்தய வரியன் முட்டையிலிருந்து இறக்கை விரிக்கிற வரைக்கும் ஏறக்குறைய ஒரு மாசம்தான். ரெண்டு இன்டர்னல் டெஸ்டுக்கு நடுவில் முழு வளர்ச்சியும் முடிஞ்சிடும்.

இதில் அவசரமான ஒரு விஷயமும் இருக்கு. ஒவ்வொரு செமஸ்டரும் நாமே கையுறை போட்டுக்கிட்டு கேம்பஸ் சுத்தம் செய்யப் போறோம். பிளாஸ்டிக்கோடு சேர்த்து வேலியோர எருக்கு, ஆமணக்கு, துத்தி எல்லாத்தையும் பிடுங்கிடுறோம். எருக்கைப் பிடுங்கினால் அதிலிருக்கும் முட்டையும் புழுவும் வேறு செடிக்கு மாறிப் பிழைக்காது. அடுத்த முறை பிளாஸ்டிக்கை மட்டும் பொறுக்குவோம். வேலியோரம் ரெண்டு அடி அகலத்துக்குச் செடிகளை அப்படியே விட்டுவைக்கச் சொல்லி என்எஸ்எஸ் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்போம். கேட்கப் போகும்போது புழுவோட இருக்கிற இலை போட்டோ ஒண்ணு கையில் வெச்சுக்கோங்க.