சம்பளத்தை முதல் வரியில் எழுது

சேலம்,
வியாழக்கிழமை.

அன்பு அம்மணிக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய லிங்க்ட்இன் பக்கத்தை முழுக்கப் படித்தேன். போட்டோ நன்றாக இருக்கிறது. பெயருக்குக் கீழே ‘பேஷனேட் டேலன்ட் பார்ட்னர்’ என்று போட்டிருக்கிறாயே, அதை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடு. நீ எந்த வேலைக்கு, எந்த ஊருக்கு ஆள் எடுக்கிறாய் என்று அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. ‘ஜாவா, டாட் நெட், டெஸ்டிங், பெங்களூரு, கோவை, சேலம்’ என்று போடு. தேடுகிறவன் இந்தச் சொற்களைத்தான் தட்டித் தேடுவான். பேஷனைத் தட்டித் தேடுகிறவன் யாரும் இல்லை.

இணையத்தில் தன் பெயரை எப்படி வளர்ப்பது என்று கேட்டிருந்தாய். ஆள் சேர்த்துவிடும் இந்தத் தொழிலுக்கு நான் வந்த காலத்தில், புதன்கிழமை இந்து பேப்பரோடு வரும் ஆப்பர்ச்சூனிட்டீஸ் இணைப்புதான் சந்தை. கம்பெனியை எல்லாருக்கும் தெரியும், நடுவில் நிற்கும் என்னை யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பீரோ நிறைய பயோடேட்டா இருந்தால் அதுவே முதல். 1997இல் நௌக்ரி, 2003இல் லிங்க்ட்இன் என்று வந்தபின் அந்த பீரோவுக்கு மதிப்புப் போயிற்று. இன்றைக்கு ரெஸ்யூமே யாருக்கும் கிடைக்கும். நீ போன் செய்தால் வேலை தேடுகிற பையன் எடுப்பானா என்பதுதான் கேள்வி. எடுப்பதற்கு முன் உன் பெயரைப் போட்டுப் பார்ப்பான்.

ஏன் பார்க்கிறான் என்றும் சொல்கிறேன். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் மியான்மரின் மியாவடிப் பக்கம் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். அந்தச் செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. அக்டோபர் தொடக்கத்தில் மீட்கப்பட்ட பதின்மூன்று தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். வலை விரித்தது பெரும்பாலும் சமூக ஊடக விளம்பரங்களில்தான். அதற்குப் பிறகு, ‘ஐ.டி. வேலை இருக்கு’ என்று முன்பின் தெரியாத குரல் பேசினால் ராசிபுரத்திலும் சங்ககிரியிலும் பெற்றவர்களுக்கு வயிறு கலங்குகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகையால் நீ வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர், அலுவலகம் இருக்கும் இடம், கம்பெனி மின்னஞ்சல் மூன்றும் உன் பக்கத்தில் கண்ணில் படும்படி இருக்கட்டும். ‘வேலை தேடுகிறவர்களிடம் நாங்கள் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை’ என்பதைத் தமிழில் எழுது. பையனின் அப்பா படிக்க வேண்டிய வரி அது.

அடுத்தது சம்பளம். இதில்தான் உனக்கும் எனக்கும் சண்டை வரும் என்று நினைக்கிறேன். உன் பதிவுகள் எல்லாவற்றிலும் ‘பெஸ்ட் இன் இண்டஸ்ட்ரி’ என்றுதான் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கம் முட்டை விலையைப் பார்த்தே வளர்ந்தவள் நீ. நாமக்கல் மண்டலத்தில் இன்றைக்கு ஒரு முட்டை என்ன விலை என்பது பண்ணைக்காரருக்கும் தெரியும், லாரிக்காரருக்கும் தெரியும், பேப்பர் படிக்கிற வாத்தியாருக்கும் தெரியும். வியாபாரி சொன்னதுதான் விலை என்று இருந்த காலத்தில், 1982இல் பண்ணைக்காரர்கள் சேர்ந்து தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்து, விலையைத் தாங்களே அறிவிக்கத் தொடங்கினார்கள். ஐந்தாறு ரூபாய்ப் பொருளுக்கு இந்த ஏற்பாடு. ஆறு லட்ச ரூபாய் வேலைக்கு விலை சொல்லாமல் ஆளைக் கூப்பிடுகிறோம். அறிவித்த விலையிலும் கொஞ்சம் குறைத்து வியாபாரிகள் ‘மைனஸ்’ பிடிப்பதுண்டு என்பதும் உனக்குத் தெரியும். நம் தொழிலிலும் மைனஸ் உண்டு. அதற்குப் பெயர் சி.டி.சி., அதாவது ஓர் ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு.

ஆறு லட்சம் சி.டி.சி. என்றால் மாதம் ஐம்பதாயிரம் வரும் என்று முதல் வேலைக்குப் போகிற பிள்ளை கணக்குப் போடும். வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவைக்கும். அடிப்படைச் சம்பளம் 25,000 என்று வை. கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 3,000, அது சி.டி.சி.க்குள் அடக்கம். பிள்ளையின் பங்கு இன்னொரு 3,000. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், ஏறக்குறைய 1,200. வேரியபிள் சி.டி.சி.யில் பத்து சதவீதம் என்றால் 5,000. அது வருடக் கடைசியில் வந்தாலும் வரும், குறைந்தாலும் குறையும். எல்லாம் போக மாதம் 37,800. தொழில் வரியும் இன்சூரன்ஸும் பிடித்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். இந்தக் கணக்கை ஒரு பதிவாகப் போடு. ‘திங்கட்கிழமை மோட்டிவேஷன்’ நூறு எழுதினாலும் கிடைக்காத பெயர் இந்த ஒன்றில் கிடைக்கும்.

இதைத் தர்மத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நமக்குக் கூலி எங்கிருந்து வருகிறது? ஒருவரைச் சேர்த்துவிட்டால் கம்பெனி கொடுப்பது, பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். சேர்ந்தவர் தொண்ணூறு நாளுக்குள் நின்றுவிட்டால் வேறு ஆள் கொடு அல்லது பணத்தைத் திருப்பு என்பார்கள். சம்பளத்தை மறைத்து நீ கடைசி ரவுண்டு வரை இழுத்துப்போன ஆள், ஆஃபர் லெட்டரைப் பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அவருக்கு நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாள் என்றால், நீ மூன்று மாதம் காத்திருந்ததும் வீண். முதல் வரியில் சம்பளத்தைப் போட்டால் போன் குறைவாகத்தான் வரும். வருகிறவர்கள் சேருவார்கள்.

எதைப் பற்றி எழுதுவது என்றும் கேட்டிருந்தாய். பெங்களூரு ரெக்ரூட்டர்கள் ஆயிரம் பேர் எழுதுவதையே நீயும் எழுதினால் உன்னை யார் தேடப் போகிறார்கள்? நம் பக்கத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொள். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி, சோனா கல்லூரி, திருச்செங்கோடு, ராசிபுரம் கல்லூரிகள் என்று படித்துவிட்டு ஓசூர் தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர்! கல்லூரி பெயரையும் பெங்களூருவையும் சேர்த்து வடிகட்டித் தேடினால் லிங்க்ட்இன்னே பட்டியல் தரும். அதில் முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு அப்பா அம்மா இங்கே தனியாக, பிள்ளைக்கு ஸ்கூல் பார்க்கிற வயசு. சேலத்தில் வேலை இருக்கிறதா என்று அவர்கள் ஒருநாள் கேட்பார்கள். ஜாகிர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது, 2024 செப்டம்பரில் கருப்பூரில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். அங்கே எந்தக் கம்பெனி என்ன வேலைக்கு எடுக்கிறது, பெங்களூரு சம்பளத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை மாதம் ஒருமுறை எழுது. வேலை குறைவாக இருந்தால் குறைவு என்றே எழுது. ஊர்ப்பாசத்தில் ஊதிப் பெருக்காதே.

தமிழில் எழுதலாமா என்று தயங்காதே. ரெஸ்யூமே இங்கிலீஷில் இருந்தாலும் சந்தேகம் தமிழில்தான் வரும். ஆனால் ஒன்று, தொழில்நுட்பத்தில் கை வைக்கும்போது கவனம். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்று என்று நினைத்து நீ ஒரு பதிவு போட்டால் அதைப் படம் பிடித்து ஊர் முழுக்கச் சுற்றவிடுவார்கள், ஐ.டி.க்காரர்களுக்கு இதில் தனி ருசி. சந்தேகம் இருந்தால் நீ சேர்த்துவிட்ட பையன்களிடமே கேள். சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

இன்டர்வியூவில் சொதப்பியவர்களைப் பற்றிப் பெயர் போடாமல் கிண்டலாக எழுதுகிறார்களே சிலர், அதைச் செய்யாதே. சம்பந்தப்பட்டவருக்குத் தன் கதை தெரியும். வாட்ஸ்அப் உரையாடலைப் படம் பிடித்துப் போடுவது, ஒருவர் ரெஸ்யூமேயைக் கேட்காமல் இன்னொரு கன்சல்டன்சிக்கு அனுப்புவது எல்லாம் சட்டப் பிரச்சினை ஆகலாம். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. தேர்வாகாதவருக்கு ‘இந்த முறை இல்லை, காரணம் இது’ என்று இரண்டு வரி அனுப்பிவிடு. நம் தொழிலில் அதைச் செய்கிறவர்கள் குறைவு. உன் பெயரை நாலு பேரிடம் சொல்லப்போவது தேர்வாகாதவர்கள்தான், சேர்ந்தவன் வேலையில் மூழ்கிவிடுவான்.

வேலைக்கென்று தனி சிம் வாங்கிக்கொள். வீட்டு நம்பரை எங்கேயும் போடாதே. வேலை கேட்கிற சாக்கில் ராத்திரி பதினொரு மணிக்கு ‘சாப்டாச்சா’ என்று கேட்கிறவர்கள் உண்டு. பதில் சொல்லாமல் பிளாக் செய். ஒரு கேண்டிடேட் போனால் போகிறான். உங்கம்மாவிடம் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டாம், போனையே பிடுங்கி வைத்துவிடுவாள்.

சம்பளத்தைப் போட உன் கம்பெனி சம்மதிக்குமா என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. சில கிளையன்ட்டுகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உன் மேனேஜரிடம் மெயிலில் கேள், வாய்வார்த்தை வேண்டாம். சம்பள வரம்பையாவது போட விடுகிற கிளையன்ட்டுகள் யார் யார் என்று ஒரு பட்டியல் வாங்கு. அந்த வேலைகளை மட்டும் உன் பக்கத்தில் போடு, மற்றதைக் கம்பெனிப் பக்கத்தில் அவர்களே போட்டுக்கொள்ளட்டும். பதில் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா